தியானம் செய்தால் மறதி குறையுமா? என் நோட்டுக் கணக்கு

ஜனவரி 6, காலை

இந்த இணைய இழையில் உங்கள் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி இதுதான்: தியானம் செய்தால் வயதானவர்களுக்கு ஞாபக சக்தி கூடுமா? மனம் லேசாகும், கோபம் குறையும் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. எனக்கு ஞாபகத்தைப் பற்றி மட்டும் தெரிய வேண்டும்.

வயது 67. 31 வருடம் கணக்கு எழுதிய கை. எண்கள் இன்றும் மறப்பதில்லை, பெயர்கள்தான் மறக்கின்றன. முகம் தெரியும், எங்கே பழகினோம் என்று தெரியும், பெயர் மட்டும் தொண்டையில் நின்றுகொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறது. சரி, அது என் வயதில் எல்லோருக்கும் உள்ளது. ஆனால் போன மாதம் மகள், "செவ்வாய்க்கிழமை வர முடியாதுன்னு சொன்னேனேம்மா" என்றாள். அவள் சொன்னதாகவே எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மறப்பது வேறு, அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று தோன்றுவது வேறு. பயந்தது இரண்டாவதற்குத்தான்.

பி12, தைராய்டு பார்த்தாயிற்று, இரண்டும் சரி. மறதியைச் சோதிக்க மருத்துவர் கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். "வயசுக்கு உள்ளதுதான்" என்று அனுப்பிவிட்டார்.

ஜனவரி 6, இரவு

பதிலுக்குக் காத்திருக்காமல் நானே ஆரம்பித்துவிட்டேன். தினமும் காலை 20 நிமிடம், மூச்சைக் கவனிப்பது மட்டும். மந்திரம், இசை எதுவும் கிடையாது. பின்பக்க அறையில் உட்காருகிறேன், வீட்டிலேயே அமைதியான அறை அதுதான். ஒரு சத்தம் கிடையாது.

கணக்குப் பார்க்காமல் எனக்கு எதுவும் ஓடாது. அதனால் ஞாயிறுதோறும் மகள் போனில் 15 சொற்கள் வாசிப்பாள். நான் 20 நிமிடம் வேறு வேலை பார்த்துவிட்டு, நினைவில் உள்ளதை நோட்டில் எழுதி அவளுக்குப் படித்துக் காட்டுவேன். அவள் சரி, தப்பு மட்டும் சொல்லுவாள், சரியான சொல்லைச் சொல்ல மாட்டாள். இதுதான் ஒப்பந்தம்.

ஜனவரி 9

தேடிப் படித்ததில் முதலில் வந்தவை எல்லாம் நல்ல செய்திகள்.

2005இல் சாரா லாசர் குழுவினர் விபாசனா தியான வழியில் பல வருடம் பழகிய 20 பேரின் மூளையை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். துறவிகள் இல்லை, வேலைக்குப் போகிறவர்கள். கவனத்தோடு தொடர்புடைய சில இடங்களில் அவர்களுக்குப் புறணி தடித்திருந்தது. (நாம் பேசும் புறணி இல்லை, மூளையின் மேலுறை.) முன்மூளைப் பகுதியில் இந்த வித்தியாசம் வயதானவர்களிடம்தான் அதிகம் தெரிந்ததாம். அந்த வரியை மூன்று தடவை படித்தேன்.

2011இல் ஹோல்செல் குழுவினரின் ஆய்வு. ஜான் கபட்-ஜின் 1979இல் தொடங்கிய எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் (நடப்பதை அப்படியே கவனிக்கும் தியானம்) பயிற்சியை 16 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில், மூளைக்குள் இடது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் சாம்பல் நிறப் பொருளின் (நரம்பணுக்கள் நிறைந்த திசு) அடர்த்தி கூடியிருந்தது. புதிய நினைவுகள் பதிவதற்கு ஹிப்போகேம்பஸ் இல்லாமல் முடியாது. அதுதான் வயதானால் வருடத்துக்கு 1 முதல் 2 சதவீதம் சுருங்குகிறது.

2016இல் லூடர்ஸ் குழு. தியானம் செய்யும் 50 பேர், செய்யாத 50 பேர். 50 வயதில் தியானிகளின் மூளை ஏழரை வயது இளமையாகத் தெரிந்தது. 50க்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் இன்னும் 1 மாதம் 22 நாள் இளமை சேருமாம். அந்த 22 நாளைப் பார்த்ததும் எனக்குள் இருக்கும் கணக்கர் புருவத்தை உயர்த்திவிட்டார். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூடப் பைசா சுத்தமாக முதல் முறையிலேயே கணக்கு நேரானதில்லை எனக்கு.

ஜனவரி 17

தூங்கிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. 20 நிமிடத்தில் எட்டு நிமிடம் தியானம், மீதி தலையாட்டல். இன்று மோவாய் நெஞ்சில் இடித்து விழித்தேன். நாற்காலியின் சாய்மானத்தை விட்டு நகர்ந்து உட்கார வேண்டும் போலிருக்கிறது.

பிப்ரவரி 2

கேளுங்கள்! ஜனவரி 12: ஏழு சொற்கள். 19: எட்டு. 26: பத்து. இன்று பதினொன்று. நாலே வாரம்! வீட்டில் எல்லோரையும் உட்காரச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3

நேற்று எழுதியதை யாரும் நம்ப வேண்டாம்.

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். 26ஆம் தேதி எழுதிய சொற்களில் பெரும்பாலானவை 12ஆம் தேதியும் இருக்கின்றன. நேற்றைய சொற்கள் 19ஆம் தேதியில் இருக்கின்றன. மகளைக் கேட்டேன். "ஒவ்வொரு வாரமும் புதுசா எழுத நேரமில்லம்மா, ரெண்டு பட்டியல்தான், வரிசையை மாத்தி மாத்திப் படிச்சேன்" என்கிறாள். ஆக, ஏழு பத்தானதும் எட்டு பதினொன்றானதும் பழகிய பட்டியலால். அதில் தியானத்தின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதை ஆராய்ச்சிக்காரர்கள் பயிற்சி விளைவு என்கிறார்கள். ஒரே மாதிரிச் சோதனையைத் திரும்ப எழுதினாலே மதிப்பெண் கூடும். அதனால்தான் தியானம் செய்யாத ஒரு குழுவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே பட்டியல் திரும்ப வந்ததை நான் கவனிக்கவே இல்லை என்பதைப் பற்றி எதுவும் சொல்ல விரும்பவில்லை.

பிப்ரவரி 11

திபெத்தியத் துறவி மிங்யூர் ரின்போச்சே பற்றி எழுதியிருந்த தம்பிக்கு: உண்மைதான். 41 வயதில் அவர் மூளை 33 வயது மூளைபோல் தெரிந்ததாக 2020இல் வெளியிட்டார்கள். ஆனால் அவர் ஒரே ஒரு மனிதர். சிறு வயதிலிருந்து தியானம், கூடவே அவர் வாழ்ந்த வாழ்க்கை முழுதும் வேறு. எது எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது? பல வருடம் விடாமல் தினமும் உட்காருகிறவர்கள் ஆரம்பத்திலிருந்தே வேறு மாதிரி ஆட்களாக இருக்கலாம். நன்றாகத் தூங்குகிறவர்கள், குடிக்காதவர்கள், நேரம் கிடைக்கிறவர்கள். மூளை நன்றாக இருப்பதால்தான் உட்கார முடிகிறதோ என்னவோ.

இன்னொரு சந்தேகமும் வந்தது. எம்ஆர்ஐ எடுக்கும்போது தலை அசைந்தால் படம் லேசாகக் கலங்கும், கலங்கிய படத்தில் புறணி இருப்பதைவிட மெலிதாகத் தெரியும். இது நிரூபிக்கப்பட்ட விஷயம். அசையாமல் கிடப்பதில் தியானிகளை யார் மிஞ்ச முடியும்? அவர்கள் மூளை தடித்திருந்ததா, அல்லது படம் தெளிவாக விழுந்ததா? ஆராய்ச்சிக்காரர்கள் இதற்குத் திருத்தம் செய்யும் வழிகள் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் கேள்வி என்னை விடவில்லை.

பிப்ரவரி 20

2022 தியானத்துக்குப் போதாத காலம். அந்த ஒரு வருடத்தில் மூன்று பெரிய அடி.

முதல் அடி ரிச்சர்ட் டேவிட்சனின் குழுவிடமிருந்தே வந்தது. தியானமும் மூளையும் என்றாலே அவர் பெயர்தான் வரும். 218 பேரில் ஒரு பகுதியினருக்கு அதே எட்டு வாரப் பயிற்சியைக் கொடுத்து, முன்னும் பின்னும் எம்ஆர்ஐ எடுத்து மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பயிற்சியால் மூளையின் அமைப்பில் மாற்றம் இல்லை. 2011இல் 16 பேரிடம் தெரிந்தது இந்தப் பெரிய சோதனையில் தெரியவில்லை.

இரண்டாவது, எரிக் லென்ஸ் குழுவின் சோதனை. எனக்கு மிக நெருக்கமானது இதுதான், ஏனென்றால் அதில் இருந்தவர்கள் என்னைப் போன்றவர்கள். 65 முதல் 84 வயது, டிமென்ஷியா (மறதி நோய்) கிடையாது, ஆனால் மறக்கிறதே என்ற கவலை உண்டு. மொத்தம் 585 பேர். சிலருக்குத் தியானம், சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு வெறும் சுகாதார வகுப்பு. ஆறு மாதத்தில் ஞாபகச் சோதனையில் தியானமோ உடற்பயிற்சியோ சுகாதார வகுப்பைவிட மேலாக எதையும் செய்யவில்லை. 18 மாதம் வரை பார்த்தார்கள், அப்போதும் அதே கதை.

மூன்றாவது பிரான்ஸில், கான் நகரில். அதைப் பிறகு எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

பிப்ரவரி 21

கான் சோதனை. 65 வயதுக்கு மேற்பட்ட 137 பேர், 18 மாதம். ஒரு குழு தியானம், ஒரு குழு ஆங்கில வகுப்பு, ஒரு குழு சும்மா. பிரெஞ்சுக்காரர்களைத் தண்டிக்க இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை போலிருக்கிறது! நான் 18 மாதம் புது மொழி படித்தால் என்ன ஆவேன் என்று யோசித்தேன். தியானக் குழுவிலேயே சேர்ந்திருப்பேன்.

அவர்கள் எதிர்பார்த்தது மூளையில் இரண்டு இடங்கள் பருக்கும், அங்கே ரத்த ஓட்டம் கூடும் என்று. இரண்டும் நடக்கவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. கவனத்தைக் கட்டுப்படுத்துவது, பிறரோடும் தன் உணர்ச்சிகளோடும் பழகுவது, தன்னைத் தானே அறிவது இவற்றைச் சேர்த்து அளந்ததில் தியானக் குழு ஆங்கிலக் குழுவை முந்தியது.

கவனம். நான் கேட்டது ஞாபகம், கிடைத்த பதில் கவனம். ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மார்ச் 1

நேற்றைய ஏமாற்றத்தோடு உட்கார்ந்தேன். நேற்று இல்லை, எட்டு நாள் ஆகிவிட்டது. சரி.

மூச்சைப் பார்த்தேன். நாலாவது மூச்சில் மனம் மின்கட்டணத்துக்குப் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியாது. திரும்பி வந்தேன். அடுத்து மூன்றாவது மூச்சில் பத்து வருடத்துக்கு முன் நடந்த ஒரு சண்டை. அதில் நான் சொல்லாமல் விட்ட நல்ல பதில் இன்று கிடைத்தது. திரும்பி வந்தேன். இதே வேலையாக 20 நிமிடம். அன்று எண்ணிப் பார்த்தேன், 34 தடவை ஓடிவிட்டது. எண்ணுவது தியானமா என்று கேட்காதீர்கள்.

அப்போதுதான் தோன்றியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 34 தடவை வெளியூர் போகும் மனம், மகள் செவ்வாய்க்கிழமை பற்றிப் பேசியபோது வீட்டில் இருந்திருக்குமா? நான் மறந்தேன் என்கிறேன். மறப்பதற்கு முதலில் அது உள்ளே வந்திருக்க வேண்டுமே. வரவு வைக்காத தொகையைச் செலவில் தேடி என்ன பயன்?

மனம் வேறெங்கோ இருக்கும்போது கேட்பது சரியாகப் பதிவாவதில்லை. இது ஞாபக ஆராய்ச்சியில் பழைய பாடம். சாவியை வைக்கும்போது வேறு யோசனை, அப்புறம் சாவியைத் தேடுகிறோம். எந்த வேலையும் செய்யாமல் இருக்கும்போது மூளையின் சில பகுதிகள் சேர்ந்து இயங்குவதை 2001இல் மார்கஸ் ரைக்லி குழு விவரித்தது. மனம் அலையும்போது இவைதான் சுறுசுறுப்பாக இருக்கின்றன, பழகிய தியானிகளிடம் அடங்குகின்றன. ஆக, தியானம் ஞாபகப் பெட்டியைப் பெரிதாக்காவிட்டாலும், வாசலில் ஒரு ஆளை நிறுத்துகிறது. என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். இழையை இத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

மார்ச் 9

முடிக்க முடியாது. இன்று வீட்டில் சண்டை.

பட்டியலுக்குச் சற்று முன்புதான் தியானம் செய்து முடித்திருந்தேன். மகள் இந்தத் தடவை புதுப் பட்டியல் எழுதியிருந்தாள். ஒன்பது சொற்கள் எழுதினேன், முதல் சொல் "தூக்கம்". தப்பு என்றாள். இல்லை, நீ படித்தாய் என்றேன். படிக்கவில்லை என்றாள். அவள் குரலில் அந்தச் சொல் என் காதில் இன்னும் இருக்கிறது, சத்தியம் செய்வேன் என்றேன். பட்டியலைப் படம் எடுத்து அனுப்பினாள். கட்டில், தலையணை, போர்வை, கனவு, கொட்டாவி, குறட்டை... தூக்கம் இல்லை.

மார்ச் 10

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை. ஒரு சொல்லைச் சுற்றியுள்ள சொற்களை எல்லாம் படித்துவிட்டு, நடுவில் இருக்க வேண்டிய சொல்லை மட்டும் விட்டால், ஆளாளுக்கு அந்த விட்ட சொல்லை "கேட்டதாக" நினைவுகூருவார்கள். உளவியலில் பழைய சோதனை. 2015இல் சான் டியாகோவில் பிரென்ட் வில்சன் குழுவினர் இதைத் தியானத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். 15 நிமிடம் மூச்சைக் கவனித்தவர்களுக்கு, சும்மா மனத்தை அலையவிட்டவர்களைவிட இந்தப் பொய் ஞாபகம் அதிகம் வந்தது. வருவதை எல்லாம் எடைபோடாமல் பார்த்துக்கொண்டிருந்தால், உள்ளிருந்து வந்தது எது, வெளியிலிருந்து வந்தது எது என்ற சோதனையும் தளர்ந்துவிடுகிறது என்பது அவர்கள் ஊகம். அவர்கள் பார்த்தது கல்லூரிப் பிள்ளைகளை, வயதானவர்களை இல்லை.

மார்ச் 1ஆம் தேதி வாசலில் ஒரு ஆளை நிறுத்தினேன் இல்லையா? அந்த ஆள் அடையாள அட்டை கேட்பதில்லை போலிருக்கிறது.

மார்ச் 23

மகள் வந்திருக்கிறாள். காலையில் நானும் உட்காருகிறேன் என்று பின்பக்க அறைக்கு வந்தாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், எழுந்துவிட்டாள்.

"எப்படிம்மா இங்க உட்கார்றே? அந்தக் கடிகாரம் டிக் டிக்னு மண்டைய உடைக்குது."

எந்தக் கடிகாரம் என்று கேட்டேன். என் தலைக்கு மேல் சுவரில் தொங்குவது. கையைக் காட்டினாள். முள் நகர்வதைப் பார்க்கிறேன். ஒரு சத்தமும் இல்லை எனக்கு.

இரண்டரை மாதமாக இந்த அறையின் அமைதியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 24

ராத்திரி தூக்கம் வரவில்லை. மகளிடம் இதுவரை படித்த எல்லாப் பட்டியல்களையும் வாங்கி, நோட்டில் தப்பு போட்ட சொற்களோடு வைத்துப் பார்த்தேன்.

அவள் படித்தது தட்டு, நான் எழுதியது பட்டு. சங்கு, பங்கு. கொடி, பொடி. சட்டை, மட்டை. கல், பல். பாய், தாய்.

மொத்தம் 23 தப்பு. அதில் 14 இப்படி. ஒவ்வொன்றிலும் மிச்சம் எல்லாம் சரி, முதல் எழுத்து மட்டும் வேறு. இவற்றை நான் மறக்கவே இல்லை. கேட்டதை அச்சு மாறாமல் நினைவில் வைத்திருக்கிறேன், கேட்டதுதான் தப்பு. வயதாகும்போது முதலில் போவது கீச்சென்ற உயர் ஒலிகள். க, ச, த, ப இவற்றைப் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. போதாக்குறைக்குப் போன். சாதாரணத் தொலைபேசி இணைப்பு 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டிவிடும். உயிரெழுத்துகள் கனமாக வந்துவிடுவதால் பேச்சு கேட்கிறது என்றே தோன்றும்.

செவ்வாய்க்கிழமை வர மாட்டேன் என்று மகள் சொன்னது எங்கிருந்து தெரியுமா? சமையலறைக் குழாய் ஓடிக்கொண்டிருக்க, என் முதுகுக்குப் பின்னால் இருந்து. இன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 8

காது சோதனை ஆனது. இரண்டு காதிலும் உயர் ஒலிகளில் மிதமான குறைவு. மெதுவாக வந்ததால் தெரியவில்லை என்கிறார்கள். கருவி மாட்டியிருக்கிறேன். இரண்டு நாள் காகிதம் மடிக்கும் சத்தமே இடிபோல் இருந்தது.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கையைப் பார்த்தேன். தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது. அந்த 14இல் மிகப் பெரிய பங்கு காது கேளாமைக்கும் கெட்ட கொழுப்புக்கும், தலைக்கு 7 சதவீதம். தியானம் செய்யாமல் இருப்பது பட்டியலில் இல்லை.

யாரும் உடனே கருவி வாங்க ஓட வேண்டாம், அதற்கும் ஒரு "ஆனால்" இருக்கிறது. 2023இல் வந்த அச்சீவ் என்ற சோதனையில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரை மூன்று வருடம் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் கருவி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் அறிவுத்திறன் குறைவதில் வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த பிரிவினரிடம் மட்டும் குறையும் வேகம் 48 சதவீதம் தணிந்தது. எனக்கு அந்தப் பிரிவா இந்தப் பிரிவா என்பது முக்கியமில்லை. தட்டு தட்டாகக் கேட்டால் போதும்.

ஏப்ரல் 9

மார்ச் 1 குறிப்பைத் திருத்துகிறேன். முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். வரவு வைக்காத தொகை என்றது சரி. வரவு வைக்காததற்குக் காரணம் அலையும் மனம் மட்டும்தான் என்று முடிவு கட்டியது அவசரம். மேலும், சரியாகக் கேட்காத சொல்லைக் கண்டுபிடிப்பதிலேயே மூளை பாதி உழைப்பைச் செலவழித்துவிட்டால், பதிவு செய்ய என்ன மிச்சம் இருக்கும்? அந்தக் களைப்பை நான் வயது என்று நினைத்தேன்.

இன்னொன்று. "தியானம்தான் உங்கள் காதுக் குறையைக் காட்டிக்கொடுத்தது" என்று ஒருவர் பரவசப்பட்டிருக்கிறார். ஐயா, காட்டிக்கொடுத்தது என் மகள். 75 நாள் அந்தக் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து எனக்கு ஒன்றும் உதிக்கவில்லை.

ஏப்ரல் 12

நடைப்பயிற்சி பற்றிக் கேட்டவருக்கு, சுருக்கமாக. 2011இல் எரிக்சன் குழு 120 முதியவர்களைப் பார்த்தது. வாரம் மூன்று நாள் வேக நடை ஒரு வருடம், ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் பெரிதானது. வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களுக்குச் சுருங்கியது. ஆனால் பிப்ரவரி 20இல் எழுதிய 585 பேர் சோதனையில் உடற்பயிற்சியும் ஞாபகத்தை உயர்த்தவில்லை. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். நான் நடக்கிறேன், முழங்கால் விடும் அளவுக்கு.

ஏப்ரல் 27

புதுப் பட்டியல், நேரில், கருவியோடு. 15க்கு 10. முதல் எழுத்துத் தப்பு ஒன்றுகூட இல்லை. மறந்தவை ஐந்து, நிஜமாகவே மறந்தவை. அவற்றைப் பார்த்து ஏனோ நிம்மதியாக இருந்தது. பெயர்கள் இன்னும் தொண்டையில்தான் நிற்கின்றன, அதில் மாற்றமில்லை.

தியானத்தை விடவில்லை. ஓடிப்போவது 34லிருந்து 20 பக்கம் வந்திருக்கிறது, அல்லது எண்ணும்போதே நான் ஓடிவிடுகிறேனோ, சொல்ல முடியாது. தியானம் முடிந்த கையோடு பட்டியல் எழுதுவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

கடிகாரத்தைக் கழற்றி வேறு அறையில் மாட்டியாகிவிட்டது. அந்தச் சத்தத்தில் மனுஷர் உட்கார முடியாது.